இரண்டு பீடி நேரம்

கற்பூரம் எரியும்போது வருகிற வாசனை என்னை ஒன்றும் செய்வதில்லை. அணைந்த பிறகு வருகிறதே, அந்தக் கருகல் நெடி, அதுதான். தட்டில் சுடர் சுருங்கிப் படுத்து, நூல் மாதிரி ஒரு கரும்புகை மூக்கில் ஏறும்போது வயிறு புரட்டுகிறது. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டுகிற நேரத்தில் நான் கோயிலுக்கு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். என் மனைவி இத்தனை வருஷமாக என்னை நாத்திகன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நம்பட்டும். நாத்திகம் கௌரவமான காரணம். என்னுடையது வெறும் குமட்டல்.

அந்தக் குமட்டலுக்கு ஓர் ஊர் உண்டு. உத்திரமேரூரில் பேருந்தை விட்டு இறங்கி, ஏரிக்கரையோடு வண்டிப்பாதையில் நடந்தால் வரும் ஊர். நான் பிறந்த ஊர்.

உத்திரமேரூர் என்றதும் மேடையேறுகிறவர்களுக்கு நாக்கில் தேன் வடியும். கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறதே, அந்தக் காலத்திலேயே குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தோமே, உலகத்துக்கே நாம் அல்லவா வாத்தியார்! எங்கள் பக்கத்தில் மைக் பிடித்த எவரும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. அதே சுவரில், ஓலையில் பேர் ஏற வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்றும் வெட்டியிருக்கிறது. அந்த வரி வரும்போது மட்டும் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும், சோடா கேட்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் ஏரிக்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்குத் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. பெரியதனம் என்று ஊரே கூப்பிடும். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல நஞ்சை. ஏரியின் மதகு இடிந்து கிடந்தது. வேட்பாளர் ஒருவர் அவரிடம், ஊர் வோட்டு மொத்தமும் ஒரே சின்னத்தில் விழுந்தால் புது மதகு வரும் என்று சொல்லியிருந்தார். பெரியப்பாவும் ஒரு வோட்டுக்கூடச் சிதறாது என்று வாக்குக் கொடுத்துவிட்டார், யாரையும் கேட்காமல்.

வாக்கைக் காப்பாற்ற எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கற்பூரம் அணைக்கிறது. வெற்றிலைமேல் கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். வாக்கு மாறினால் வீட்டு விளக்கும் இப்படித்தான் அணையும் என்று அர்த்தம். பொன்னியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊருக்குள் தெருவுக்கு ஒருவர் அணைத்தால் போதும் என்றார்கள். சேரிக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வில்லை. கோயிலுக்கு எட்டத்தில், மண்ணில் இலைகளை வரிசையாக வைத்துக் கொளுத்தினார்கள். அவர்கள் குனிந்து குனிந்து அணைத்தார்கள்.

"மதகு வந்தா எல்லாருக்கும்தான தண்ணி" என்றார் பெரியப்பா.

சேரியிலிருந்து ஒரு கிழவர், "தண்ணி பாய எங்களுக்கு ஏதுங்க நெலம்?" என்றார்.

"எங்க நெலம் நனைஞ்சாத்தானடா உனுக்குக் கூலி!" என்றது ஊர்ப்பக்கத்துக் குரல் ஒன்று. சிரித்தார்கள். நானும் அந்தப் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்குக் கிளம்பிய புகை வேட்டியில் ஏறி, துவைத்தும் போகவில்லை.

தேர்தல் நடந்தது. அப்போதெல்லாம் சாவடி வாரியாக எண்ணுவார்கள். எந்த ஊரில் எத்தனை என்று பேருந்து நிலையத்து டீக்கடைக்குச் செய்தி வந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு கைப்பிடி வோட்டு மற்ற சின்னத்துக்கு விழுந்திருந்தது. வேட்பாளர் ஜெயித்துவிட்டார், அந்தக் கைப்பிடியால் ஒரு நஷ்டமுமில்லை. ஆனால் பெரியப்பா வாக்குக் கொடுத்த மனிதர். அவருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. எவன் மாற்றிக் குத்தினான்? இந்தக் கேள்வி ஊருக்குள் தெருநாய் மாதிரி திரிந்தது. வீடு வீடாக மோந்து பார்த்தது. கடைசியில் சேரிப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த வாரத்தில்தான், ஜனங்கள் எப்படி வோட்டுப் போடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய ஓர் ஆய்வாளர் வந்தார். சென்னையில் பெரிய படிப்பு, வெளிநாட்டில் அதைவிடப் பெரிய படிப்பு. கண்ணாடி, தொப்பி, பூட்டு போட்ட டிரங்குப் பெட்டி. எங்கள் பேச்சு அவர் காதுக்குப் பிடிபடவில்லை. அதற்காக என்னைக் கூட வைத்துக்கொண்டார்.

"அரசியலை இனிமேல் கதையாச் சொல்லக் கூடாது தம்பி" என்பார். "மழையை அளக்கிறோமே, அந்த மாதிரி அளக்கணும். தனி மனுஷன் வோட்டுப் போடுறதில்லை. அவன் சேர்ந்திருக்கிற கூட்டம் போடுது. எந்தக் கூட்டம், எவ்வளவு அழுத்தம், எங்கே விரிசல்? இதைக் கண்டுபிடிச்சா மிச்சமெல்லாம் கணக்குதான்."

எனக்குப் புல்லரித்தது. அருவருப்பும் புல்லரிப்பும் ஒரே தோலில்தான் வருகின்றன என்பது பிற்பாடு தெரிந்தது.

ஏரிக்கரையின் கீழே பழைய கல்மண்டபம் ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார். கண்ணுக்குத் தெரியலாம், காதுக்குக் கேட்கக் கூடாது, அப்போதுதான் மனிதன் கூட்டத்தை விட்டு விலகி உண்மை சொல்வான் என்பது அவர் முறை. யார் என்ன சொன்னாலும் வெளியே போகாது என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தார். ஊர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன் என்றால் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும். மாற்றிப் போட்டேன் என்றால் மேலும் கேள்விகள் உண்டு. ஏன், யார் சொல்லி, எப்போது மனசு மாறியது என்று நீளும். விரிசலைத்தானே அவர் தேடிவந்தார்!

கரைமேல் புளியமரத்தடியில் பெரியப்பாவின் ஆள் உட்கார்ந்திருப்பான். மாடு மேய்ப்பதாகப் பேர். பீடி மேல் பீடியாகப் புகைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆய்வாளர் அவனைப் பார்த்துக் கையசைப்பார். அவனும் கும்பிடுவான்.

பெரியப்பாவின் மச்சான் ஒரு காலையில் வந்தார். பெரியம்மாவின் தம்பி, உத்திரமேரூர் ரோட்டில் அரிசி மில். அவருக்கென்று வீட்டிலிருந்து கூஜாவில் காபி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன் புளியமரத்தடி ஆள்தான். வைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினான்.

மில்காரர் டம்ளரை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "வெளிய போவாதுல்ல? அப்போ நெசத்தச் சொல்லிட்றேன் சார். நான் அந்தப் பக்கம்தான் குத்தினேன். நான் மட்டுமா, என் மில்லுல கீற ஊர்ப் பசங்களும்தான். மாமாவுக்கு மதகு, எனக்கு இன்னா? அந்தக் கட்சிக்காரன் மில்லுக்குக் கரெண்டு வாங்கித் தர்றேன்னான்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"தெரிஞ்சா இன்னா? ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருப்பாரு. அக்கா கறி ஆக்கிப் போட்டா சரியாப்பூடும்."

ஆய்வாளருக்கு ஆனந்தம். கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டார். கூஜா காலியாகும்வரை பேச்சு நீண்டது.

மறுநாள் சாயங்காலம் சேரியிலிருந்து ஒருவர் வந்தார். பெரியப்பா நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவர். என்னை 'சின்னாண்டை' என்பார், நான் அவரை வா போ என்பேன். அப்படித்தான் இருந்தது. வேலை முடிந்து குளித்து, எண்ணெய் தடவி வாரி, மடிப்புக் கலையாத துண்டோடு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. மண்டபத்துக் கல்லில் உட்காரச் சொன்னதும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகு நுனியில் உட்கார்ந்தார்.

எந்தச் சின்னம் என்று கேட்டேன்.

"ஊரு சொன்னதுதான். கற்பூரம் அணைச்சேனே." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

விசாரணை முடிந்துவிட்டது. ஆய்வாளர் பேனாவை மூடினார். வந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அவ்ளோதானாங்க?"

"அவ்வளவுதான், போகலாம்."

"ரொம்ப கேப்பீங்கன்னு சொன்னாங்களே... நானு கொஞ்சம் சொல்லலாங்களா?"

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லுங்க."

"எங்காத்தா ஐப்பசியில செத்துச்சுங்க. பேய் மழ. எங்க சுடுகாட்டுக்கு வரப்பு மேலதான் போவணும். பயிரு கீது, பொணத்தத் தூக்கினு வரப்புல ஏறக்கூடாதுன்ட்டாங்க. கால்வாய்ல எறங்கினோம். மாரு வரைக்கும் தண்ணி. பாடைய நனைய விடாம இப்பிடி..." எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். "இப்பிடித் தூக்கிக்கினே போனோம். எங்காத்தா உசுரோட இருக்கச்சொல்ல ஒரு நாளு அம்மாம் ஒசரத்துல இருந்தது கெடையாதுங்க."

அவரே சிரித்தார். பிறகு நிறையச் சொன்னார். கால்வாயில் கால் வழுக்கிய இடம், விறகு நனைந்துபோனது, எரியாமல் புதைத்தது. கை உயர்ந்து உயர்ந்து இறங்கியது. நான் அந்தக் கால்வாயில் சின்ன வயசில் மீன் பிடித்திருக்கிறேன். அந்த வரப்பு எங்களுடையது.

"இதுக்கு எந்தச் சின்னத்துல குத்தணும்னு ஒங்களக் கேக்கலாம்னுதான் வந்தேன்" என்று முடித்தார்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் ஆய்வுக்குள்ள வராதுங்க."

"அப்பிடீங்களா" என்றார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். கும்பிட்டுவிட்டுக் கரையேறிப் போனார். மூடிய பேனா மூடியபடியே இருந்தது. புளியமரத்தடியில் ஒரு புதுப் பொறி மினுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் கூடியது. ஆய்வாளர் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டார். இதுபோலக் கூட்டத்தை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார். ஏர் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். பெரியப்பாவின் ஆள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சாட்சி சொன்னான்.

"நான் பாத்துக்கினேதான் இருந்தேன். மொத ஆளா நானே போய் ஒக்காந்தேன். சொன்னபடி குத்தினேன்னு சொன்னேன், சரி போன்ட்டாரு. பத்த வெச்ச பீடி அணையல, எழுந்து வந்துட்டேன். அப்பால சேரிக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் பீடி வெச்சிப் பாத்தேன். எல்லாம் ஒரு பீடி. இவன் மட்டும் ரெண்டு பீடி! சும்மாவா ஒக்காந்தான்? கைய மேல தூக்கித் தூக்கிக் காட்றான், என்னமோ இவனே ஜெயிச்சாப்போல!"

ஊர் 'ஓ' என்றது. ஆய்வாளரின் முறையை இவன் பிடித்துவிட்டான். கேள்வி காதில் விழாமலே பதிலை அளந்துவிட்டான். மழையை அளப்பது மாதிரி.

"பெரியப்பா, நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றேன். "அவர் ஊர் சொன்ன சின்னத்துலதான் குத்தியிருக்கார். அம்மா செத்ததைத்தான் சொல்லிக்கினு இருந்தார்."

ஆய்வாளர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "சொல்லாதே, சொல்லாதே" என்று பல்லுக்கிடையில் முனகினார்.

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனுக்குத் தெரியும்ன்ற. அப்போ எவன் மாத்திக் குத்தினான்? நீயே சொல்லு."

"உங்க மச்சான் எத்தனை பீடி நேரம் உட்கார்ந்தார்னு இவனைக் கேளுங்க. அவரே மாத்திக் குத்தினேன்னு சொன்னார். நான் கேட்டேன்."

சுற்றிலும் சிரிப்பு. முதலில் சிரித்தவர் மில்காரரே. வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். பெரியப்பா சிரித்தார். பீடிக்காரன் சொன்னான்: "அவுரு காபி குடிச்சிக்கினு பேசினாருபா. காபி எறங்க வேணாமா?" இன்னும் பெரிய சிரிப்பு. சேரிப்பக்கம்கூடச் சிலர் சிரித்தார்கள். ஊர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பதும் கவனிக்கப்படும்.

"படிச்ச புள்ள, மூள கொழம்பிப்போச்சு" என்றார் மில்காரர். "இன்னா இப்போ? கொளுத்துங்க கற்பூரத்த."

கொளுத்தினார்கள். மில்காரர் நிதானமாகப் போனார். 'நான் மாமன் சொல்லு மீறல' என்று சொல்லி, மோதிரக் கையால் ஒரே அமுக்கு. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். அந்த நெடி என் கன்னத்தில் ஒட்டியது. நான் சொல்லிக்கொண்டிருக்கிற நெடி அதுதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மில்லுக்குக் கரெண்டு வந்தது. வீட்டு விளக்குகள் மின்சாரத்தில் பிரகாசமாக எரிந்தன.

"நீயும் அணை. முடிஞ்சுது" என்றார் பெரியப்பா, நடுவில் நின்றவரைப் பார்த்து.

அணைத்திருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும். ஒரு வில்லை, ஒரு கணம், அறுப்புக்கு ஆள் எடுக்கிற நேரம். நட்டதும் களை எடுத்ததும் அவர். கதிர் முற்றி நிற்கிறது. இனிக் களத்து நெல்தான் அந்த வருஷத்துச் சோறு. அவர் மண்ணில் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நான் ஒருதபா அணைச்சிட்டேங்க" என்றார். "அம்மனுக்கு மறந்துடுமா இன்னா?"

கற்பூரம் யாரும் தொடாமல் தானாக எரிந்து அடங்கியது. அது போதும் ஊருக்கு. பயந்துட்டான் பாரு, குத்தம் பண்ணவன் கை நீட்டுவானா என்றார்கள். அறுப்புக்கு அவரைக் கூப்பிடக் கூடாது; கடையில் சாமான் இல்லை; அவர் வீட்டோடு புழங்குகிறவனுக்கும் களத்தில் இடமில்லை. கடைசிச் சொல்லைக் கேட்டதும் சேரிப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சரிங்க என்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் களத்து நெல்தான் சோறு.

மண்டபத்துக்குத் திரும்பியதும் ஆய்வாளர் என்மேல் பாய்ந்தார். "ரகசியம் காக்கறதா வாக்குக் கொடுத்திருக்கோம். இனிமே இந்த ஊர்ல எவன் வாய் திறப்பான்? நீ எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு அங்குமிங்கும் நடந்தார். கோபம் அவரிடம் அதிக நேரம் தங்கவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது. "ஆனா பார்த்தியா தம்பி? ஒரு கூட்டம் தன் விரிசலைத் தானே எப்படி மூடிக்குது! பலவீனமான இடத்துல பழியை இறக்கி வெச்சிட்டு, பலமான இடத்தைச் சிரிச்சே காப்பாத்திக்குது. அற்புதம்!"

"அந்த மனுஷன் என்ன ஆவார் சார்?"

"தனி ஆளைப் பத்தி என் ஆய்வு எதுவும் சொல்லாது."

டிரங்குப் பெட்டியைப் பூட்டினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றும் சகிக்கவில்லை. தேளைப் பற்றிச் சரியாகச் சொல்லிக்கொண்டே, கொட்டுப்பட்டவன்மேல் ஏறி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெரியப்பாவை வெறுப்பது எளிது. அவர் யாரென்று பார்த்தாலே தெரியும். இந்தச் சுத்தமான கண்ணாடியை, இந்த மூடிய பேனாவை எந்த வெறுப்பில் சேர்ப்பது? கரை ஓரத்தில் போய் நின்று குமட்டினேன். ஒன்றும் வரவில்லை.

சில நாளில் ஏர் ஓட்டுகிறவர் ஊரை விட்டுக் கிளம்பினார், தன் பெண்சாதியோடு. செங்கல்பட்டுப் பக்கம் சூளையில் ஆள் எடுக்கிறார்களாம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். பின்சீட்டில் அவர்கள் மூட்டையும் ஒரு மண்வெட்டியும். பாதையின் இரண்டு பக்கமும் கதிர் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. எங்கள் நிலத்தைத் தாண்டும்போது அவர் நடையை நிறுத்தவில்லை. கை மட்டும் தானாக நீண்டு ஒரு கதிரை உருவியது. இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார்.

"நல்லா முத்திப்போச்சு. நாளைக்கே அறுக்கலாம்" என்றார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நின்றோம்.

"பெரியப்பாகிட்ட மறுபடி பேசிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம் சின்னாண்டை. பேசினாலே பேஜாரு. பேசினதுக்குத்தான இது." சைக்கிளிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டே, "அந்தச் சாரு நான் சொன்னத எழுதிக்கினாரா?" என்று கேட்டார்.

"இல்ல. பேனாவ மூடிட்டார்."

"ஆத்தாவப் பத்தி ஒரு எழுத்துகூடவா?"

"இல்ல."

தலையை மேலும் கீழும் ஆட்டினார். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. பேருந்து வந்துவிட்டது. அவர் பெண்சாதி மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, "ஏறுய்யா! இங்கயும் ரெண்டு பீடி நேரமா?" என்று கத்தினாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார். அதுவரை ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எங்க பேரு இந்த ஊர்லதான கீது? அடுத்த வோட்டுக்கு வருவேன் தம்பி. அப்ப நெசமாவே மாத்திக் குத்துவேன்."